ஆபரேஷன் தேதி நெருங்கும்போது மூட்டு கிளம்பிவிட்டால்

வலது முழங்கால் மாற்று ஆபரேஷனுக்குப் பதினொரு நாள் இருந்தது. காலையில் பல் துலக்கப் போனவள் பேஸ்ட் மூடியைத் திறக்க முடியாமல் நின்றேன். இடது மணிக்கட்டு உப்பிக் கிடந்தது. விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற முடக்குவாதம் எனக்கு 16 வருடமாக இருக்கிறது. அடங்கியிருந்த நோய் இப்படித் திடீரென்று ஏறுவதை டாக்டர்கள் ஃப்ளேர் என்பார்கள். எங்கள் வீட்டில் "கிளம்பிடுச்சு" என்று சொன்னாலே எல்லோருக்கும் புரிந்துவிடும்.

அன்று நான் செய்தது பெரிய தவறு. அந்தத் தேதிக்காக ஏழு மாதம் காத்திருந்தேன். சொன்னால் தள்ளிப் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அலமாரியில் மிச்சமிருந்த பிரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரைகளை என் இஷ்டத்துக்கு எடுத்து விழுங்க ஆரம்பித்தேன். நோயை அடக்க நான் போட்டு வந்த, ஆபரேஷனுக்காக நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்த அடலிமுமாப் ஊசியையும் ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்னால் போட்டுக்கொண்டேன். ஆபரேஷன் அன்று காலை மயக்க மருத்துவர் கேட்ட மூன்றாவது கேள்வியிலேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது. தியேட்டர் வாசல்வரை போன சக்கர நாற்காலியிலேயே திரும்பி வந்தேன்.

பத்து வாரம் கழித்து இரண்டாவது தேதி கிடைத்தது. அதற்கு மூன்று நாள் இருக்கும்போது மறுபடியும் கிளம்பியது. இந்த முறை ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டேன். ஆபரேஷன் இரண்டே வாரம் தள்ளிப் போய், நல்லபடியாக முடிந்தது. அந்த மூன்று நாளில் என்னென்ன செய்யவேண்டியிருந்தது, ஆஸ்பத்திரியில் எதையெல்லாம் வாய்விட்டுக் கேட்கவேண்டியிருந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் மருந்தைப் பற்றிய கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையது. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

முதலில் கிருமியா என்று பாருங்கள்

வீங்கிய மூட்டெல்லாம் கிளம்பிய மூட்டு என்று நினைத்துவிடக் கூடாது. எனக்குக் கிளம்பினால் பெரும்பாலும் இரண்டு கையிலும் வரும், விரல் கணுக்களில் தொடங்கும், காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாது. உங்களுக்கும் இப்படி ஒரு வழக்கமான வழி இருக்கும். அது மாறியிருந்தால் கவனியுங்கள். ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து, கை வைக்க முடியாத சூட்டோடு, மற்ற மூட்டுகளைவிட மிக அதிகமாக வீங்கினால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். காய்ச்சலோ நடுக்கமோ சேர்ந்தால் சந்தேகம் இன்னும் கூடும். அதற்கு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்டீராய்டும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் எடுக்கிற நமக்குக் காய்ச்சல் வராமலேயே தொற்று இருக்கக்கூடும். டோசிலிசுமாப் ஊசி போடுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். உடம்பில் அழற்சி இருப்பதை ரத்தத்தில் காட்டும் சி.ஆர்.பி. அளவை அந்த மருந்து கீழே அமுக்கி வைத்துவிடும். ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதியாக இருந்துவிட முடியாது.

அதே நாளில் உடம்பை ஒரு சுற்று பாருங்கள். பல் வலி, ஈறு வீக்கம், சிறுநீர் எரிச்சல், கால் விரல் இடுக்கில் புண், நகத்தோரம் சீழ், தோலில் ஆறாத கீறல். இவற்றில் ஒன்று இருந்தாலும் சர்ஜனுக்குத் தெரியவேண்டும். செயற்கை மூட்டு வைக்கப் போகிறவர்களுக்கு இது மிகவும் முக்கியம், அந்தக் கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டில் போய் உட்கார்ந்துவிடலாம்.

யாருக்கு, என்ன சொல்வது

முதல் போன் முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ருமட்டாலஜி டாக்டருக்கு, அடுத்தது சர்ஜனுக்கு. நேரில் பேச முடியாவிட்டாலும் அங்கே போன் எடுப்பவரிடம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். "கொஞ்சம் வலி ஜாஸ்தியா இருக்கு" என்று நான் வருடக்கணக்காகச் சொல்லி வந்தேன். அதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டாவது முறை, போன் செய்வதற்கு முன் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அப்படியே படித்தேன்:

"எனக்கு முடக்குவாதம். மூன்று நாளில் வலது முழங்கால் மாற்று ஆபரேஷன். இன்று காலையிலிருந்து இரண்டு மணிக்கட்டும் விரல்களும் வீக்கம். இறுக்கம் விட இரண்டு மணி நேரம் ஆனது. தண்ணீர்க் குழாயைத் திருக முடியவில்லை. காய்ச்சல் இல்லை. தினமும் பிரெட்னிசலோன் 5 மி.கி., வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி. எடுக்கிறேன். கடைசி அடலிமுமாப் ஊசி போட்டு இன்றோடு 14 நாள். நானாக எதையும் கூட்டவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. இப்போது என்ன செய்யட்டும்?"

எந்த மூட்டு, எவ்வளவு நேரம், என்ன செய்ய முடியவில்லை, என்ன மருந்து, கடைசியாக எப்போது. இவ்வளவும் அதில் இருக்கிறது. கடைசியில் இன்னொன்றும் கேட்டேன்: "நீங்களும் சர்ஜனும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியுமா?" இருவருக்கும் நடுவில் நாம் தூது போனால் பாதி விஷயம் வழியில் சிந்திவிடும். அன்று மாலைக்குள் அவர்கள் பேசிவிட்டார்கள். கேட்காமல் இருந்திருந்தால் பேசியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

தள்ளிப் போடுவதா, போவதா

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. காத்திருந்தால் ஆபத்து என்கிற ஆபரேஷனை மூட்டு வலிக்காகத் தள்ள மாட்டார்கள். முழங்கால், இடுப்பு, பாத விரல் போன்றவற்றுக்குத் தேதியை நகர்த்த இடம் உண்டு. ஆபரேஷன் செய்யப் போகிற மூட்டே வீங்கியிருக்கிறது, மற்றவை அமைதியாக இருக்கின்றன என்றால் சில சர்ஜன்கள் தள்ளிப் போடத் தேவையில்லை என்பார்கள். என் நிலை வேறு. காலில் ஆபரேஷன், கிளம்பியதோ கையில். மறுநாளே வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கவேண்டும். பிடிக்கக் கை இல்லாமல் புது முழங்காலை என்ன செய்வது? கைகள் வேலை செய்யுமா என்ற கேள்வியை நானே எழுப்பினேன். சர்ஜனின் கவனம் முழங்காலில் இருந்தது, அது இயல்புதான்.

ஆபரேஷனுக்கு முன் நோய் எவ்வளவு ஆட்டம் போடுகிறதோ, ஆபரேஷனுக்குப் பிறகும் கிளம்பும் வாய்ப்பு அவ்வளவு கூடும். கூடவே, கிளம்பியதை அடக்க ஸ்டீராய்டை ஏற்றினால் தொற்றும் புண் ஆறாத தொல்லையும் வர இடம் கொடுக்கிறோம். மூட்டு மாற்றுக்குப் போகும்போது பிரெட்னிசலோன் நாளுக்கு 20 மி.கி.க்குக் கீழே இருக்கவேண்டும் என்று பார்ப்பார்கள். என் முதல் முயற்சியில் நான் அதற்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தேன், ஒருவருக்கும் தெரியாமல்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. வலி தாங்காமல், மாற்றப் போகிற மூட்டிலேயே ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஊசிக்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் அதே மூட்டை மாற்றினால் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. வேறு டாக்டரிடம் எப்போதாவது போட்டிருந்தால் தேதியோடு சொல்லுங்கள்.

மருந்துகள்: நிறுத்துவதும் தொடர்வதும்

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறோம். அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியும் இடுப்பு, முழங்கால் மாற்று சர்ஜன்களின் சங்கமும் சேர்ந்து 2017ல் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தன, 2022ல் அதைத் திருத்தின. இடுப்பு, முழங்கால் மாற்றுக்காக எழுதப்பட்டது அது. என் டாக்டர் அதை வைத்துத்தான் கணக்குப் போட்டார்.

முடக்குவாதத்தை அடக்கும் மருந்துகளான மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசைன், ஹைட்ராக்சிகுளோரோகுயின், லெஃப்ளூனமைட் ஆகியவற்றை நிறுத்தாமல் தொடரலாம் என்கிறது அது. "சக்தி வாய்ந்த மருந்தாச்சே, எதற்கும் இரண்டு வாரம் நிறுத்திக்கங்க" என்று சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2001ல் வெளியான ஓர் ஆய்வில் முடக்குவாதம் உள்ள 388 பேரைப் பார்த்தார்கள். மெத்தோட்ரெக்சேட்டைத் தொடர்ந்தவர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான் தொற்றோ வேறு சிக்கலோ வந்தது. நிறுத்தியவர்களில் அது 15 சதவீதம். நிறுத்தியவர்களில் சிலருக்கு ஆறு வாரத்துக்குள் நோயும் கிளம்பியது, தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் கிளம்பவில்லை. இதைக் கேட்ட பிறகு நான் ஒரு வாரமும் விடவில்லை. சிறுநீரகம் மந்தமானாலோ தொற்று வந்தாலோ டாக்டர் நிறுத்தச் சொல்வார், அது வேறு.

அடலிமுமாப் போன்ற, பயாலஜிக் எனப்படும் ஊசிகளுக்குக் கணக்கு வேறு. ஒரு ஊசியைத் தவிர்த்து, அது போடவேண்டிய நாள் கடந்த அடுத்த வாரத்தில் ஆபரேஷனை வைப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் அடலிமுமாப் என்றால் மூன்றாவது வாரம். வாரா வாரம் போடும் எட்டனர்செப்ட் என்றால் இரண்டாவது வாரம். எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் இன்ஃப்ளிக்சிமாப் என்றால் ஒன்பதாவது வாரம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிடக்சிமாப் என்றால் ஏழாவது மாதம். டோஃபாசிடினிப், பாரிசிடினிப், உபடாசிடினிப் மாத்திரைகளை மூன்று நாள் முன்னால் நிறுத்தச் சொல்கிறது 2022 வழிகாட்டுதல். 2017ல் இது ஏழு நாளாக இருந்தது, பழைய காகிதம் கையில் இருந்தால் குழம்பவேண்டாம்.

நான் போன் செய்தது சரியாக 14ஆம் நாள். வழக்கப்படி ஊசி போடவேண்டிய நாள் அது, ஆபரேஷனுக்காகத் தவிர்க்கவேண்டிய ஊசியும் அதுதான். டாக்டர் யோசித்துச் சொன்னார்: "இன்னைக்கு ஊசியைப் போட்டுக்கங்க. இன்னையிலேர்ந்து 17ஆம் நாள் ஆபரேஷன் வைக்கச் சொல்றேன். நடுவுல பிரெட்னிசலோனைக் கொஞ்ச நாள் 15 ஆக்கி, திரும்ப 5க்கு இறக்கிடலாம்." ஒரு ஊசி உள்ளே போனது, கணக்கும் கெடவில்லை. தேதி இரண்டு வாரம் நகர்ந்தது, அவ்வளவுதான். மூன்று மாதம் முன்பு இதே ஊசியை ஒளித்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் இழந்தேன் என்பதை நினைத்து அன்று இரவு அழுதேன்.

தினமும் எடுக்கும் ஸ்டீராய்டை ஆபரேஷன் நெருங்குகிறது என்று திடீரென நிறுத்திவிடாதீர்கள். பல மாதம் எடுத்த உடம்பு தன் சொந்த ஹார்மோனைச் சுரக்க மறந்திருக்கும். நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழும், உயிருக்கே ஆபத்தாகலாம். முடக்குவாதத்துக்காக எடுக்கும் பெரும்பாலோருக்கு வழக்கமான தினசரி அளவே ஆபரேஷன் நாளிலும் போதும் என்கிறது வழிகாட்டுதல். அட்ரினல் சுரப்பியிலேயே குறை இருப்பவர்களும், வளரும் வயதிலேயே மூட்டுவாதம் வந்து ஸ்டீராய்டு எடுத்தவர்களும் அதில் சேரமாட்டார்கள். வெறும் வயிற்றோடு போகும் காலையில் அந்த மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகள் ரத்தம் உறைவதைத் தடுக்கும். எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்பது மாத்திரைக்கு மாத்திரை மாறும். கிளம்பிய நேரத்தில் அதுவும் இல்லாமல் இருப்பது கொடுமை, எனக்குத் தெரியும். பதிலுக்கு எதை எடுக்கலாம் என்ற கேள்வியையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது.

கழுத்தைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்

முடக்குவாதம் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கும் தசைநாரைத் தளர்த்திவிடும். வலி இல்லாமலேயே இது நடக்கலாம். மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விடத் தலையைப் பின்னால் சாய்க்கும்போது, தளர்ந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அழுத்தும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் கழுத்தை முன்னால் குனிந்தும் பின்னால் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுப்பார்கள். முதல் தடவை எனக்கு யாரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தபோது லேசான இடைவெளி தெரிந்தது.

அந்த மயக்க மருத்துவர் பத்து நிமிடம் என்னோடு உட்கார்ந்தார். வாயைத் திறக்கச் சொல்லித் தன் மூன்று விரலை நெட்டுக்கு வைத்துப் பார்த்தார், இரண்டுதான் நுழைந்தது. தாடை மூட்டும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார். குரல் கரகரக்கிறதா, தலையைத் திருப்பும்போது கையில் மின்சாரம் பாய்வது போல இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். கடைசியில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்யலாம், குழாயே வேண்டாம் என்று முடிவானது. தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று கேமரா வைத்த கருவியைத் தயாராக வைத்திருந்தார்கள். ஆபரேஷன் அன்றுதான் மயக்க மருத்துவரைப் பார்ப்பீர்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முன்னாலேயே பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். முடக்குவாதம் இருக்கிறது, கழுத்து எக்ஸ்ரே பார்க்கவேண்டும் என்றால் மறுக்க மாட்டார்கள்.

நினைவு இருக்கும்போதே மேஜையில் படுத்து, தோளும் முழங்கையும் எதுவரை நீளும் என்று காட்டிவிட்டேன். மயங்கிய பிறகு நம் கை எங்கே வலிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

வார்டில் கேட்கவேண்டிய சின்ன விஷயங்கள்

ட்ரிப்ஸ் ஊசியைப் புறங்கையில் குத்த வந்த நர்ஸிடம் வீங்கிய மணிக்கட்டைக் காட்டினேன். "முன்கையில போடறேன்மா" என்று மாற்றிக்கொண்டார். பல வருட ஸ்டீராய்டில் என் தோல் காகிதம் போல ஆகிவிட்டது, டேப்பை இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். "மெதுவா, நனைச்சு எடுங்க" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். வலிக்கு நாமே அழுத்திக்கொள்ளும் பட்டன் கொடுத்தால் அழுத்திப் பாருங்கள். கட்டை விரலுக்கு வலு இல்லை என்றால் அந்த வசதியே வீண். அழைப்பு மணிக்கும் இதே சோதனை. கண் வறட்சி உள்ளவர்கள் மயக்கத்துக்கு முன்பே சொட்டு மருந்து பற்றிச் சொல்லிவிடுங்கள்.

கையோடு போன மருந்துப் பட்டியல் என்னை ஓர் ஆபத்திலிருந்து காப்பாற்றியது. இரண்டாம் நாள் மருந்து அட்டையில் மெத்தோட்ரெக்சேட் என்று எழுதி, எந்தக் கிழமை என்று எழுதாமல் விட்டிருந்தார்கள். காலை மாத்திரைகளோடு அதுவும் வந்துவிட்டது. அன்று என் கிழமை இல்லை. வாரம் ஒருமுறை எடுக்கவேண்டியதைத் தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜை பழுதாகி உயிர் போகலாம். நர்ஸ் உடனே டாக்டரைக் கூப்பிட்டு, அட்டையில் கிழமையைப் பெரிதாக எழுத வைத்தார். உங்கள் பட்டியலில் கிழமையைச் சிவப்பில் எழுதுங்கள். ஆன்டிபயாடிக் எழுதினால் "நான் மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். டிரைமெத்தோப்ரிம் கலந்த கோட்ரைமாக்சசோல் அதோடு சேரவே கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆபரேஷனுக்குப் பிறகு கிளம்புவது சகஜம். எனக்கு ஒன்பதாம் நாள் வலது மணிக்கட்டில் வந்தது. பயந்துபோய்த் தையல் போட்ட முழங்காலைத்தான் முதலில் பார்த்தேன். காயத்தில் நீர் கசிவு, நாளுக்கு நாள் பரவும் சிவப்பு, கெட்ட நாற்றம், குறைந்த வலி மறுபடி ஏறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சர்ஜனுக்கு அன்றே தெரியவேண்டும். எதுவும் இல்லை. ருமட்டாலஜி டாக்டருக்குப் போன் செய்தேன், அவர் ஸ்டீராய்டைச் சில நாள் கொஞ்சம் கூட்டினார்.

வாக்கரை உள்ளங்கையால் பிடித்து அழுத்த முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் முன்கையைத் தாங்கும் மெத்தைப் பலகை வைத்த வாக்கரைக் கொண்டுவந்தார், பாரம் மணிக்கட்டில் விழாமல் முழங்கையில் இறங்கியது. இதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வாங்கி, நடந்து பழகியிருக்கலாம்.

அடலிமுமாப் ஊசியை மறுபடி எப்போது தொடங்குவது என்பதைக் காயம்தான் முடிவு செய்யும். தையல் பிரித்து, வீக்கமோ சிவப்போ கசிவோ இல்லாமல் ஆறியிருந்தால் பொதுவாக இரண்டு வாரம் போலத் தொடங்குவார்கள். 14ஆம் நாள் தையல் பிரித்தார்கள். சர்ஜன் காயத்தைப் படம் எடுத்து ருமட்டாலஜி டாக்டருக்கு அனுப்பினார். 16ஆம் நாள் மாலை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போட்டுக்கொண்டு, மருந்துப் பட்டியலில் தேதியை எழுதி, அடுத்த ஊசியின் தேதியையும் பக்கத்திலேயே குறித்து வைத்தேன்.